பழுதுறும் வன்தட்டும் சிக்கன வழியும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றன் உயிர்நாடி அதன் கணக்கேயாகும். நூல் வாங்கியது எவ்வளவு, கூலி கொடுத்தது எவ்வளவு, துணி விற்றது எவ்வளவு என்று அங்கத்தினர் ஒருவர் வினவிய உடனே எடுத்துக் காட்டவல்ல சங்கமே நம்பிக்கையைப் பெற்று நிலைத்து நிற்கும். முன்னாளில் இக்கணக்குகள் யாவும் நாள்வழியிலும் பேரேட்டிலும் எழுதப்பெற்று இரும்புப் பெட்டியில் பூட்டப்பட்டன. கரையானும் மழைநீருமே அவற்றுக்குப் பகைகளாக இருந்தன. இந்நாளிலோ அவற்றுட் பெரும்பகுதி மடிக்கணினிக்குள் குடிபுகுந்துவிட்டது. பகையும் அதற்கேற்ப உருமாறி, அப்பெட்டிக்குள்ளேயே குடியிருக்கத் தொடங்கியிருக்கிறது.

நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றை மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஏற்றுக்கொண்டது. அத்திட்டத்தின்கீழ் வரும் கடன் கணக்குகள் பொது மென்பொருளில் ஏறுவதால், ஒரு கணினி கெட்டாலும் அவை கெடுவதில்லை. ஆயினும், சங்கத்தின் கடிதங்கள், தீர்மானங்கள், பட்டா எண்களின் பட்டியல், பயிர்களின் புகைப்படங்கள், நெசவாளர் கூலிப் பட்டி, மானியக் கோரிக்கைகள், புட்டா வரைவுகள் ஆகிய பலவும் மேசைமேலிருக்கும் அந்த ஒரே இயந்திரத்தில்தான் பல இடங்களில் இருக்கின்றன. அன்றியும், தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணாக்கர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் நெசவாளர் குடும்பங்களிலும் உழவர் குடும்பங்களிலும் இன்றும் உழைத்து வருகின்றன. வயது முதிர்ந்த அவ்வியந்திரங்களில் முதலில் தளர்ந்து விழக்கூடிய உறுப்பு ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டாகும். அது தளருங்கால், குறைந்த பணத்தைக் கொண்டு எதை முதலிற் செய்வது, எதை விலக்குவது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். ஆதலின், அதனை இக்கட்டுரையில் முறையாக எடுத்துரைக்க முற்படுகிறோம்.

வன்தட்டு யாது?

உலகின் முதல் வன்தட்டை அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கி அமைத்த அவ்வியந்திரம் ஏறக்குறைய ஒரு டன் எடை கொண்டது. அதில் அடங்கியவையோ ஐம்பது லட்சம் எழுத்துக் குறிகளே. இன்று மடிக்கணினிக்குள் இருக்கும் இரண்டரை அங்குலத் தட்டு, 500 ஜிகாபைட் கொள்ளளவு உடையதாயின், அதனினும் ஒரு லட்சம் மடங்கு செய்தியைத் தாங்குகிறது.

இதன் உட்பொருள் நெசவாளர்க்குப் புதிதன்று. 1804-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய தறிப்பெட்டியில், அட்டையில் துளை உண்டா, இல்லையா என்பதைக் கொண்டே பாவிழை எழுவதும் எழாமலிருப்பதும் தீர்மானிக்கப்படுகின்றன. வன்தட்டிலும் அவ்வண்ணமே. துளைக்குப் பதிலாகக் காந்தப் புள்ளிகள் உள்ளன. புள்ளியின் காந்தம் இப்பக்கம் நோக்குகிறதா, அப்பக்கம் நோக்குகிறதா என்பதே எழுத்தாகிறது. மடிக்கணினித் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதனைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், தலைமயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் மிதந்து செல்கிறது. சுழலும் நேரத்தில் கணினியைத் தூக்கி வைத்தல், தறிமரத்தின்மேல் வைத்து அதிர விடுதல், அணைக்காமலே பையிலிட்டு மொபெட்டில் எடுத்துச் செல்லுதல் ஆகியன அம்முனை தட்டில் மோத இடமளிப்பன. தறிக்கூடத்துப் பஞ்சுத் துகள் காற்றுவழியை அடைத்து வெப்பத்தைப் பெருக்குவதும் தீமையே.

நோயின் அறிகுறிகள்

பாவில் ஓர் இழை அறுந்தால் உடனே கண்டு முடிச்சிடுகிறோம். காணாமல் விட்டால் துணி முழுதும் குறைப்படும். வன்தட்டின் அறிகுறிகளையும் அவ்வாறே உடனுக்குடன் காணுதல் வேண்டும். முன்பு இரண்டு நிமிடத்தில் எழுந்த கணினி பத்து நிமிடம் எடுத்துக்கொள்வது, ஒரு கோப்பைத் திறக்கும்போது திரை உறைந்து நிற்பது, நேற்றுத் திறந்த கோப்பு இன்று படிக்க இயலாதென்று மறுப்பது, நீலத்திரை தோன்றி இயந்திரம் தானே நிற்பது ஆகியவை முதல் வகை. ‘டிக், டிக்’ என்று ஒழுங்காக எழும் ஓசையும், தேய்க்கும் ஓசையும், சுழலத் தொடங்கி மீண்டும் மீண்டும் நின்றுவிடுவதும் இரண்டாம் வகை. முதல் வகை காய்ச்சல் போன்றது, மருந்துக்கு அவகாசமுண்டு. இரண்டாம் வகை மூச்சுத் திணறல் போன்றது. அந்நிலையில் மின்சாரத்தை உடனே நிறுத்துவதே அறிவுடைமை.

மெதுவாக ஓடும் கணினி யாவும் தட்டுப் பழுதுற்றதென்று எண்ணிவிடுதலும் கூடாது. நினைவகம் போதாமையும் வைரஸும் நிறைந்து வழியும் தட்டும் இதே தோற்றத்தைத் தரும். ஆதலின், பணம் செலவிடுமுன் சோதித்து அறிதல் வேண்டும். அச்சோதனைக்குச் செலவு இல்லை.

செலவில்லாச் சோதனை

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறது. அதனை ‘ஸ்மார்ட்’ என அழைப்பர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளை விண்டோஸில் நிறுவினால் அக்குறிப்பேட்டைப் படித்துக் காட்டும். லினக்ஸ் உபயோகிப்போர்க்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்பது உண்டு. நீல நிறம் காட்டினால் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. நிறத்தோடு நில்லாமல் நான்கு வரிகளைத் தனித்தனியே நோக்குதல் நன்று.

05 என்னும் எண்ணிட்ட வரி, கெட்டுப்போன பகுதிகளுக்கு மாற்றாகத் தட்டு எத்தனை உதிரிப் பகுதிகளை எடுத்துக்கொண்டது என்பதைக் கூறும். சி5 என்னும் வரி, படிக்க இயலாமல் ஐயத்தில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை. சி6 என்பது சோதித்தும் படிக்க முடியாமற் போனவை. இம்மூன்றும் சுழியாயிருத்தல் வேண்டும். ஒருமுறை கண்ட எண் மறுவாரம் கூடியிருந்தால், தட்டு வீழ்ச்சியை நோக்கி நடக்கிறது என்று கொள்க. சி7 என்னும் வரி மட்டும் கூடி, மற்றவை சுழியாயிருப்பின், குற்றம் தட்டில் அன்று, அதனை இணைக்கும் வடத்திலோ செருகுவாயிலோ இருக்கலாம். வடத்தைக் கழற்றிச் செருகுவதாலேயே சில சமயம் காரியம் முடிந்துவிடும். இம்மென்பொருள் எண்களைப் பதினாறன் அடிமானத்தில் காட்டுவது வழக்கம். அதில் 10 என்றிருந்தால் அது பதினாறு என்பதை நினைவிற் கொள்க.

இங்கு ஓர் ஆராய்ச்சியைக் குறிப்பிடுதல் பொருந்தும். கூகுள் நிறுவனத்தார் தம்முடைய நூறாயிரத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆய்ந்து 2007-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டனர். மேற்பரப்புச் சோதனையில் முதற் பிழை தோன்றிய தட்டு, பிழையற்ற தட்டைக் காட்டிலும் அடுத்த அறுபது நாட்களுள் வீழ்வதற்கு 39 மடங்கு வாய்ப்புடையது என அவர்கள் கண்டனர். அதே அறிக்கை மற்றொன்றையும் உரைத்தது. வீழ்ந்த தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை, முதன்மையான நான்கு குறிகளில் எதனையும் முன்கூட்டிக் காட்டவேயில்லை. இவற்றால் நாம் கொள்ளும் பாடம் இரண்டு. குறிப்பேடு கெட்டது என்றால் நம்புக. நல்லது என்றால் முழுதும் நம்பற்க.

செய்யத் தகாதவை

சிக்கனத்தின் முதற்படி, செலவின்றிச் செய்யும் கேட்டைத் தவிர்ப்பதே. பழுதுற்ற தட்டின் எஞ்சிய ஆயுள் எண்ணெய் குறைந்த விளக்கைப் போன்றது. அதை எதற்குச் செலவிடுகிறோம் என்பதில் கருத்து வேண்டும். தட்டைச் சரிபார்த்துத் திருத்துவதாக விண்டோஸ் கூறும் முறைகளை நகல் எடுக்குமுன் ஓட்டுதல் கூடாது. அவை தட்டு முழுவதையும் உழுது, எஞ்சிய உயிரையும் வாங்கிவிடக்கூடும். கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டீஃபிராக்மென்ட் முறையும் அத்தகையதே. புதிய மென்பொருள்களை அத்தட்டிலேயே நிறுவுதலும், மீட்ட கோப்புகளை அதிலேயே எழுதுதலும் கூடா.

குளிர்பெட்டியில் தட்டை வைத்தெடுத்தால் உயிர் பெறும் என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. வெளியே எடுத்தவுடன் தட்டின்மேல் நீர்த்துளி படியும். படிக்கும் முனை அத்துளியில் மோதினால் எஞ்சியதும் போய்விடும். மேசையில் தட்டுவதும் கைகொண்டு ஓங்கி அடிப்பதும் அவ்வாறே. வன்தட்டின் மூடியைத் திறந்து பார்த்தல் அறவே கூடாது. அறையில் மிதக்கும் ஒரு தூசித் துகள், முனை மிதக்கும் இடைவெளியைக் காட்டிலும் பன்மடங்கு பெரிது.

முதற் செலவு நகலுக்கே

கையில் இருப்பது சிறு தொகையாயின், அதன் முதற் பங்கு புதிய தட்டுக்கு அன்று, பழைய தட்டிலுள்ளவற்றை நகல் எடுப்பதற்கே உரியது. தட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும். மூன்றாண்டுக் கூலிப் பட்டி எந்தக் கடையிலும் கிடையாது.

கோப்புகளை மதிப்பின்படி வரிசைப்படுத்திக்கொள்க. மீண்டும் பெறவே இயலாதவை முதலாவது: கணக்கு, தீர்மானங்கள், புட்டா வரைவுகள், நிலத்தின் புகைப்படங்கள். முயன்றால் பெறக்கூடியவை இரண்டாவது: அலுவலகங்களுக்கு அனுப்பிய கடிதங்களும் விண்ணப்பங்களும். திரைப்படங்கள், பாடல்கள், மென்பொருள்கள் கடைசி. அவற்றை விட்டுவிட்டாலும் குற்றமில்லை. சங்கத்தின் முக்கியக் கோப்புகள் பெரும்பாலும் ஒரு 32 ஜிபி பென்டிரைவுக்குள் அடங்கிவிடும். அதன் விலை சில நூறு ரூபாயே. ஆனால், மலிவு கருதிப் பெயரறியாப் பென்டிரைவை வாங்கினால், மேலே எழுதிய கொள்ளளவு உள்ளே இராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச மென்பொருள் அந்தப் பொய்யை வெளிப்படுத்தும்.

எவற்றை நகல் எடுக்க மறந்துவிடுகிறார்கள் என்பதையும் கூறுவோம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கடிதங்கள், அவ்வெழுத்துருக்கள் இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஆகவே, எழுத்துருக் கோப்புகளையும் உடன் எடுத்துக்கொள்க. டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவு, நாம் வழக்கமாகக் காணும் ஆவணக் கோப்புறையில் இராமல் வேறிடத்தில் இருக்கும். அம்மென்பொருளிலேயே உள்ள காப்பு நகல் முறையை நாடுவது நலம். அதன் உரிமத்தையும், தட்டு இயங்கும்போதே முறைப்படி ஒப்படைத்துவிட்டால் புதிய தட்டில் மீண்டும் பெறுவது எளிது. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வைக்க. விண்டோஸ் தட்டு பூட்டெழுத்தில் காக்கப்பட்டிருப்பின், அதன் 48 இலக்க மீட்புத் திறவெண்ணைக் குறித்துக்கொள்க. அவ்வெண் இன்றேல், தட்டைக் கழற்றி வேறு கணினியில் இட்டாலும் கதவு திறவாது.

நகல் எடுக்கும் முறை

நோயுற்ற தட்டிலிருந்தே விண்டோஸை எழுப்பினால், நாம் ஒன்றும் செய்யாதபோதும் அது தட்டை ஓயாமல் படித்தும் எழுதியும் வரும். அத்துன்பத்தைத் தவிர்க்க வழியுண்டு. வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயக்க முறைமையைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்னும் இலவச மென்பொருளால் 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றிக்கொள்க. நோயுற்ற கணினியில் அதைச் செருகி, இயக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் அவ்வியந்திரத்துக்குரிய பொத்தானை அழுத்தினால், பென்டிரைவிலிருந்தே கணினி எழும். தட்டு ஓய்வுற்றிருக்கும். பின்னர் அதனைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, வரிசைப்படி முதலாவது கோப்புகளை மற்றொரு பென்டிரைவுக்கு மாற்றுக. ஒரு கோப்பில் தட்டு தடுமாறி நின்றால், அதனோடு போராடாமல் விட்டு அடுத்ததற்குச் செல்க. எளிதிற் கிடைப்பவை யாவும் கைக்கு வந்தபின் கடினமானவற்றுக்குத் திரும்பலாம்.

தடுமாற்றம் மிகுதியாயின், ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருளை நாடுக. நல்ல பகுதிகளை முதலில் விரைந்து எடுத்து, கெட்டவற்றைப் பின்னுக்குத் தள்ளி, எடுத்தது எது, எடாதது எது என்று வரைபடக் கோப்பொன்றில் எழுதிக்கொண்டே செல்வது அதன் சிறப்பு. இடையில் மின்சாரம் நின்றாலும், விட்ட இடத்திலிருந்து தொடரும். இதற்குப் பழைய தட்டின் முழு அளவினும் சற்றுப் பெரிய வெளித்தட்டு வேண்டும். அது எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்திருத்தல் கூடாது. அம்முறை 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. இவ்வேலையில் பேராபத்து ஒன்றுண்டு. எது மூலம், எது நகல் என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், வெற்றுத் தட்டு நிறைந்த தட்டின்மேல் எழுதப்பட்டு யாவும் அழியும். எனவே, ஒருவர் கட்டளையை உரக்கப் படிக்க, மற்றொருவர் தட்டின் அளவையும் பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்தபின்பே பொத்தானை அழுத்துதல் வேண்டும். ரொக்கம் எண்ணும்போது நம் சங்கங்களில் கைக்கொள்ளும் முறையே இது.

நகல் முடிந்ததும், அதிலுள்ள பத்துக் கோப்புகளையேனும் வேறொரு கணினியில் திறந்து பார்க்க. திறந்து பாராத நகல், எண்ணிப் பாராத பணமுடிப்புக்கு ஒப்பாகும்.

தட்டு வாய்மூடிவிட்டால்

தட்டு சுழலவே இல்லை, அன்றி ‘டிக்’ ஓசையே எழுகிறது எனில், வீட்டு வைத்தியம் அங்கே முடிந்தது. தூசியற்ற அறையும் மாற்று உறுப்புகளும் உடைய மீட்பு நிலையங்களையே நாட வேண்டும். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். முழு வெற்றிக்கு உறுதியும் இல்லை. இங்கே நிர்வாகக் கமிட்டியார் உணர்ச்சியை விலக்கிக் கணக்குப் பார்த்தல் வேண்டும். இழந்த கோப்புகளைக் காகிதப் பேரேட்டிலிருந்து மீண்டும் எழுத எத்தனை ஆள்நாள் ஆகும்? அதற்குக் கூலி எவ்வளவு? கோப்பு இன்மையால் நின்றுபோகும் மானியம் எவ்வளவு? இத்தொகை மீட்புச் செலவினும் மிகுமாயின் அனுப்புக. குறையுமாயின், தட்டை அப்படியே பத்திரமாக எடுத்து வைத்து, மீண்டும் எழுதத் தொடங்குக. அனுப்புவதாயின், மதிப்பீட்டுக்குக் கட்டணம் உண்டா, மீளாவிடில் பணம் கேட்பார்களா என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்பே தட்டைக் கொடுக்க.

மாற்றுத் தட்டு வாங்குங்கால்

புதிய மடிக்கணினி வாங்க வேண்டுமென்று கடைக்காரர் கூறுவது இயல்பே. ஆனால், தட்டொன்று கெட்டதற்காக இயந்திரத்தையே தள்ளுவது, அச்சுக் கெட்டதற்காகத் தறியையே விறகாக்குவது போன்றது. இன்று வன்தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத தட்டு கிடைக்கிறது. அதில் அசையும் உறுப்பே இல்லை. குறைந்த கொள்ளளவுள்ள எஸ்.எஸ்.டி.யை இட்டாலும், பழைய கணினி புத்துயிர் பெற்றதுபோல விரைந்து எழும். சங்க வேலைக்கு 240 அல்லது 256 ஜிபி போதுமானது. பெரிய கொள்ளளவுக்கு ஆசைப்படுதல் வீண் செலவு. விலை மாறிக்கொண்டே இருப்பதால் மூன்று கடைகளில் கேட்டு, உத்தரவாதமும் ரசீதும் பெற்று வாங்குக. ஒருவர் உபயோகித்துக் கழித்த வன்தட்டைச் சங்கக் கணக்குக்கென வாங்குதல் மலிவன்று.

வாங்குமுன் மடிக்கணினியின் அடிமூடியைத் திறந்து, எவ்வகைத் தட்டு பொருந்தும் என்று பார்த்தல் அவசியம். பழைய இயந்திரங்களில் இரண்டரை அங்குல சாட்டா வகை இருக்கும். வன்தட்டு 9.5 மில்லிமீட்டர் கனமாகவும், எஸ்.எஸ்.டி. 7 மில்லிமீட்டர் கனமாகவும் இருந்தால் சட்டகத்தோடு பொருத்தி இடைவெளியை நிரப்புக. புதிய இயந்திரங்களில் எம்.2 என்னும் மெல்லிய பட்டை வகை உண்டு. அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு பிரிவுகள் உள்ளன. காண்பதற்கு ஒன்றுபோல் தோன்றினும், ஒன்றற்குரிய செருகுவாயில் மற்றொன்று இயங்காமற் போகலாம். கழற்றுமுன் மின்சாரத்தையும் மின்கலத்தையும் துண்டிக்க. எடுத்த திருகாணிகளை எடுத்த வரிசையிலேயே காகிதத்தில் ஒட்டி வைப்பது நல்ல பழக்கம்.

விண்டோஸை மீண்டும் விலைகொடுத்து வாங்க வேண்டுமோ என்ற அச்சம் வேண்டாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் எண்ணுரு உரிமம், கணினியின் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டிருப்பின், புதிய தட்டில் அதே பதிப்பை நிறுவியதும் தானே உயிர்பெறும். நிறுவும் கோப்பு மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய இயந்திரங்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அத்தகையவற்றுக்கு லினக்ஸ் தக்க புகலிடம். லிப்ரேஆஃபிஸ் என்னும் இலவசத் தொகுப்பு எக்செல் கணக்குகளைத் திறக்கும். ஒருங்குறித் தமிழும் அதில் நன்கு இயங்கும். அரசுத் தளங்களோ கணக்கு மென்பொருளோ விண்டோஸையே வேண்டுமாயின், அதனை முன்னரே விசாரித்துத் தெளிக.

எஸ்.எஸ்.டி. குறித்து ஓர் எச்சரிக்கை. வன்தட்டு நோயுற்றால் முனகும், எஸ்.எஸ்.டி. பல சமயங்களில் முன்னறிவிப்பின்றி ஒரு நாள் எழாமற்போகும். ஆகவே, அது வந்துவிட்டதென்று காப்பு நகலைக் கைவிடல் ஆகாது.

கையில் பணமே இல்லையெனில்

பணம் வரும் வரையில் இயந்திரம் சும்மா கிடக்க வேண்டுவதில்லை. பழுதுற்ற தட்டைக் கழற்றிவிட்டு, முன்பு கூறிய லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே கணினியை நாள்தோறும் எழுப்பி, எழுதியவற்றை மற்றொரு பென்டிரைவில் சேமித்து வரலாம். வேகம் குறைவாயினும், கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் இணையத்தில் விண்ணப்பிக்கவும் இது போதும். கடைசி நாள் நெருங்கும் பயிர்க்காப்பீட்டு விண்ணப்பத்துக்கும், மாத முடிவில் அனுப்ப வேண்டிய கோரிக்கைக்கும் இவ்வேற்பாடு கைகொடுக்கும். ஆனால், கெட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு மீதியை உபயோகிக்கலாம் என்று பழைய தட்டையே மீண்டும் நம்புதல் பொய்ச் சிக்கனமாகும். இற்ற பாவைப் புதுத் தறியில் ஏற்றுபவர் உண்டோ?

பழைய தட்டை என் செய்வது?

அதில் அங்கத்தினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் யாவும் இருக்கக்கூடும். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுதல் அங்கத்தினர்க்குச் செய்யும் துரோகம். தட்டு இயங்குமாயின், நகல் சரியெனக் கண்டபின் முழுவதையும் அழித்தெழுதுக. இயங்காதாயின், துளைக்கருவியால் தட்டினூடே துளையிடுக. மடிக்கணினித் தட்டுகள் பல கண்ணாடியால் ஆனவை. நொறுங்கித் தெறிக்குமாதலால் கண்ணுக்குக் காப்பு அணிந்துகொள்க. பின்பு மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு மேலாண்மை விதிகள், அதிகாரம் பெற்ற மறுசுழற்சியாளர்களைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை வகுத்துள்ளன.

சங்கங்கள் செய்யத்தக்கன

உழவர் அறுவடை முழுவதையும் உண்டுவிடுவதில்லை. விதைநெல்லைத் தனியே எடுத்து வேறொரு குதிரில் வைக்கிறார். கணக்குக்கும் விதைநெல் வேண்டும். மூன்று நகல்கள், இரு வகைச் சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது அறிஞர் கூறும் விதி. நமக்கு அது கடினமன்று. ஒன்று கணினியில், ஒன்று பென்டிரைவில், மற்றொன்று இணையத்தில். கூகுள் கணக்கொன்றில் 15 ஜிபி வரை இலவசமாகவே வைக்கலாம். பென்டிரைவுகள் இரண்டு வைத்துக்கொண்டு வாரத்துக்கொன்றாக மாற்றி, ஒன்று அலுவலகப் பெட்டியிலும் மற்றொன்று வேறொரு கட்டடத்திலும் இருக்கச் செய்தல் சாலச் சிறந்தது. மாத முடிவில் கணக்கின் சாரத்தை அச்சிட்டுக் கோப்பில் தைத்து வைக்கும் பழைய வழக்கத்தையும் விடற்க.

தனி ஒருவர்க்குப் பாரமாவது பத்துப் பேர்க்கு எளிது என்பதே கூட்டுறவின் அடிப்படை. ஒரு வட்டாரத்திலுள்ள நெசவாளர் சங்கங்களும் வேளாண்மைச் சங்கங்களும் சேர்ந்து, 1 டெராபைட் வெளித்தட்டு ஒன்று, தட்டை யூ.எஸ்.பி. வழியே இணைக்கும் வடம் ஒன்று, லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று, சிறு திருப்புளித் தொகுதி ஒன்று ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். இணைப்பு வடம் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. இவ்வளவும் ஒரே பெட்டியில் அடங்கும். எந்தச் சங்கத்தின் தட்டு முனகினாலும் அன்றே அப்பெட்டி அங்குச் செல்லும். படித்த இளைஞர் இருவர்க்கு இம்முறைகளைப் பயிற்றுவித்து, அவர்கள் வேலைக்குச் சங்கங்கள் சிறு ஊதியம் வழங்கினால், நம் பிள்ளைகளுக்கும் ஒரு தொழில் ஏற்படும். ஒருமுறை எடுத்த வெளித்தட்டு நகலை, அச்சங்கத்தார் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டதும் அழித்துவிட வேண்டுமென்பதை முதல் விதியாக எழுதிவைத்தல் வேண்டும். ஒரு சங்கத்தின் கணக்கு மற்றொரு சங்கத்தின் கையில் தங்கலாகாது.

வரும் நிர்வாகக் கமிட்டிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கிறோம். சங்கக் கணினியின் தட்டு எவ்வயதினது, அதன் 05, சி5, சி6 வரிகளில் இருக்கும் எண் யாது, கடைசி நகல் எந்நாளில் எடுக்கப்பட்டது, அது எங்கே இருக்கிறது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். நகல் எடுக்கப்படவில்லை என்பது விடையாயின், கூட்டம் கலையுமுன்னே ஒரு பென்டிரைவுக்கு அனுமதி வழங்கப்படட்டும். சில நூறு ரூபாய்ச் செலவில், பல்லாண்டு உழைப்பின் பதிவு காக்கப்படும்.